டாம்பாவில் 6,800 டாலர், காட்பாடியில் 2,300 ரூபாய்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்து டாம்பாவில் வீடு வாங்கப் போகிறான். வீட்டு இன்சூரன்ஸ் மட்டும் வருடத்துக்கு 6,800 டாலர் கேட்கிறார்களாம். காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டுக்கு நான் கட்டியது 2,300 ரூபாய். இரண்டு இடத்திலும்தான் புயலும் வெள்ளமும் வருகிறது. அங்கே கொள்ளையடிக்கிறார்களா, இல்லை இங்கே ஏமாற்றுகிறார்களா? நாளைக்கு நம் ஊரிலும் அந்த நிலை வருமா? புது லேஅவுட் ஒன்றில் மனை பார்த்து வைத்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.
(ஓய்வுபெற்ற ஆசிரியை, காட்பாடி)

பதில்:

டீச்சர், வணக்கம். நான் இன்சூரன்ஸ் சர்வேயராக (நஷ்டத்தை நேரில் போய் அளந்து மதிப்பிடுபவர்) இருந்து ஓய்வு பெற்றவன். 1989ல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிவதற்கு ஒரு வருடம் முன்னால் இந்தத் தொழிலுக்கு வந்தேன். குடியாத்தத்தில் எரிந்த தீப்பெட்டி ஆலை, பேரணாம்பட்டில் நனைந்து நாறிய தோல் கிடங்கு, ஆம்பூரில் கூரை பறந்த ஷூ கம்பெனி என்று வட ஆற்காடு முழுக்க அளவு டேப்போடு சுற்றியிருக்கிறேன். அக்கா மகள் ஆர்லாண்டோவில் இருப்பதால் இரண்டு முறை புளோரிடா போய் மூன்று மூன்று மாதம் இருந்தேன். வேலை இல்லாமல் சும்மா உட்காரத் தெரியாததால் அந்த ஊர் இன்சூரன்ஸ் கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

அங்கே கொள்ளையா என்றால், கொஞ்சம் உண்டு, பெரும்பகுதி இல்லை. இங்கே ஏமாற்றா என்றால், அதுவும் இல்லை. ஒரு வீட்டுக்கான பிரீமியம் என்பது அந்த நிலத்தைப் பற்றி ஒருவன் தன் பணத்தைப் பந்தயம் கட்டிச் சொல்லும் கணக்கு. புரோமோட்டர் சொல்வதற்கும், வி.ஏ.ஓ. சொல்வதற்கும், சொந்தக்காரர் சொல்வதற்கும் இல்லாத ஒரு நேர்மை அதற்கு உண்டு. தப்பாகச் சொன்னால் அவன் கை சுடும். புளோரிடாவில் அந்தக் கணக்கு உரக்கக் கேட்கிறது. அரசியல்வாதிகள் முப்பது வருடமாக அதன் வாயைப் பொத்தப் பார்த்து, இப்போது இன்னும் உரக்கக் கேட்கிறது. நம் ஊரில் அது இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை.

முதலில் புளோரிடா. அது பாதி சதுப்பு நிலமாக இருந்த மாநிலம். 1905ல் ஆளுநரான நெப்போலியன் போனபார்ட் பிராவர்ட் (பெயரே அதுதான்) எவர்கிளேட்ஸ் சதுப்பை வடித்து விவசாய நிலமாக்குவேன் என்று சொல்லித்தான் ஓட்டு வாங்கினார். கால்வாய் வெட்டினார்கள், நிலத்தைப் பிளாட் போட்டார்கள், வடக்கே இருந்தவர்கள் நேரில் பார்க்காமலே தபாலில் பணம் அனுப்பி வாங்கினார்கள். போய்ப் பார்த்தால் மனை தண்ணீருக்கு அடியில் இருந்தது. 1926 செப்டம்பரில் மயாமியை ஒரு புயல் அடித்து அந்த ரியல் எஸ்டேட் கூத்தை முடித்து வைத்தது. 1928ல் வந்த அடுத்த புயலில் ஒகீச்சோபி ஏரியின் கரை உடைந்து குறைந்தது 2,500 பேர் இறந்தார்கள். ஏரி, கரை, பிளாட்: டீச்சர், உங்களுக்கு இந்தக் கதை எங்கோ கேட்ட மாதிரி இருக்கும்.

அப்புறமும் ஜனம் வந்துகொண்டேதான் இருந்தது. 1950ல் அந்த மாநிலத்தின் ஜனத்தொகை சுமார் 28 லட்சம், 2020ல் 2 கோடியே 15 லட்சம். காரணம் வெயில், கடற்கரை, ஏ.சி., அதோடு மாநில வருமான வரி கிடையாது. வருமான வரி இல்லாத அரசு எதை வைத்துப் பிழைக்கும்? விற்பனை வரி, பத்திரம் பதியும்போது வரும் முத்திரைக் கட்டணம், உள்ளூர் நிர்வாகத்துக்குச் சொத்து வரி. எல்லாமே புது ஆள் வந்து புது வீடு வாங்கினால்தான் ஓடும் வண்டி. பில்டர், வீட்டுத் தரகர், பேங்க், கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) அதிகாரி, ஆளுநர், எல்லோரும் அந்த ஒரே வண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஒருவன் வந்து "இந்த இடத்தில் வீடு கட்டினால் வருடம் இவ்வளவு கட்ட வேண்டும்" என்று உண்மைக் கணக்கைச் சொன்னால் வண்டி நின்றுவிடும்.

1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட்டில் கரை ஏறியது. 25,000 வீட்டுக்கு மேல் தரைமட்டம். இன்சூரன்ஸ் கம்பெனிகள் கொடுக்க வேண்டி வந்தது சுமார் 1,550 கோடி டாலர். 11 கம்பெனிகள் திவாலாயின. தாக்குப்பிடித்த பெரிய கம்பெனிகள் "போதும் சாமி" என்று மூட்டை கட்டப் பார்த்தன. அரசு போக விடவில்லை. 1993ல் புயலுக்கென்று, இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கே கைகொடுக்க, மாநில மறுகாப்பீட்டு நிதி ஒன்று தொடங்கியது. யாரும் எடுக்க மாட்டேன் என்று ஒதுக்கிய வீடுகளை ஏற்க ஏற்கெனவே இருந்த இரண்டு அமைப்புகளை 2002ல் ஒன்றாக்கி 'சிட்டிசன்ஸ்' என்ற அரசுக் காப்பீட்டு நிறுவனத்தை உருவாக்கியது. கடைசிப் புகலிடம் என்பதுதான் எண்ணம். தனியார் கைவிட்டவருக்கு மட்டும், தனியாரைவிடக் கூடுதல் விலையில்.

இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆண்ட்ரூவுக்குப் பிறகு கட்டட விதியையும் இறுக்கி, 2002 மார்ச்சில் மாநிலம் முழுவதற்கும் ஒரே விதியாகக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் காற்றுக்கு அவ்வளவு கண்டிப்பான விதி உள்ள இடம் குறைவு. இதை நினைவில் வையுங்கள், மகன் விஷயத்தில் திரும்ப வரும்.

2004ல் ஒரே சீசனில் நான்கு புயல். 2005ல் வில்மா. சிட்டிசன்ஸ் பணம் தீர்ந்துபோனது. பற்றாக்குறையை யார் கட்டியது தெரியுமா? மாநிலத்தில் கார் இன்சூரன்ஸ் வைத்திருந்தவர்கள் உட்பட எல்லாப் பாலிசிதாரர்கள் தலையிலும் ஒரு சர்சார்ஜ் ஏற்றினார்கள். 2005 பள்ளத்தை நிரப்பும் வசூல் 2015 வரை நடந்தது. ஈ.சி.ஆரில் கடலைப் பார்த்துக் கட்டிய பங்களாவின் கண்ணாடி உடைந்ததற்கு ஜோலார்பேட்டை ஆட்டோக்காரர் பத்து வருடம் மொய் எழுதியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அக்கா மகள் இருக்கும் ஆர்லாண்டோ கடலிலிருந்து ஒரு மணி நேரத் தூரம், அவர்களும் கட்டினார்கள்.

அப்போதாவது பாடம் கற்றிருக்கலாம். பிரீமியம் ஏறியதால் மக்கள் கொதித்துப் போயிருந்தார்கள். விலையைக் குறைப்பேன் என்று சொல்லி சார்லி கிறிஸ்ட் ஆளுநர் ஆனார். 2007 ஜனவரியில் சிறப்புக் கூட்டம் போட்டு சிட்டிசன்ஸ் கட்டணத்தை உறைய வைத்தார்கள், அதைத் தனியாரோடு போட்டி போடவும் விட்டார்கள். கடைசிப் புகலிடம் முதல் கடையாகிவிட்டது. அரசுக் கடையில் விலை குறைவு, பக்கத்துக் கடைக்காரன் எப்படி நிற்பான்? பெரிய தேசியக் கம்பெனிகள் மெல்ல நழுவின. அந்த இடத்தில் மூலதனம் குறைவான குட்டிக் கம்பெனிகள் முளைத்தன. தங்களிடம் பணம் இல்லாமல், மறுகாப்பீடு வாங்கி ஓட்டுகிற கம்பெனிகள். மறுகாப்பீடு என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி தனக்கு எடுத்துக்கொள்ளும் இன்சூரன்ஸ். ஜூரிச்சிலும் மியூனிக்கிலும் பெர்முடாவிலும் உட்கார்ந்திருப்பவர்கள் அதன் விலையை வைக்கிறார்கள். அவர்களுக்கு புளோரிடாவில் ஓட்டு கிடையாது, எனவே எந்த ஆளுநருக்கும் பயப்பட வேண்டியதில்லை.

நான் ஒப்புக்கொள்ளும் விஷயம் ஒன்று: கிறிஸ்டைத் தவறு என்று சொல்லுகிறவர்கள் எல்லோரும் அன்று அவர் இடத்தில் இருந்திருந்தால் அதையேதான் செய்திருப்பார்கள். அந்த வருடம் புயல் வரவில்லை. அடுத்த வருடமும் பெரிதாக இல்லை. பெரிய புயல் எதுவும் கரை தொடாமல் பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. சூதாட்டத்தில் முதல் கை ஜெயித்தவனை மேசையை விட்டு எழுப்ப முடியுமா?

கொள்ளை என்று சொன்னேனே, அது இந்த இடைக்காலத்தில் புகுந்தது. கூரை போடும் காண்ட்ராக்டர் கதவைத் தட்டுவார். "ஆலங்கட்டி மழையில் உங்கள் கூரை அடிபட்டிருக்கிறது, இலவசமாகப் புதுக் கூரை போட்டுத் தருகிறோம், இந்தத் தாளில் மட்டும் ஒரு கையெழுத்து." அந்தத் தாளோடு கிளெய்ம் உரிமை அவர் கைக்குப் போய்விடும். அப்புறம் வக்கீல் வருவார். பாலிசிதாரர் ஜெயித்தால் அவரது வக்கீல் செலவைக் கம்பெனி கொடுக்க வேண்டும், தோற்றால் கம்பெனியின் செலவை அவர் கொடுக்க வேண்டியதில்லை என்று 1893லிருந்து ஒரு சட்டம் அங்கே இருந்தது. ஏழைப் பாலிசிதாரரைக் காக்க வந்த சட்டம்தான். ஆனால் கடைசியில் அமெரிக்கா முழுவதும் வரும் வீட்டு கிளெய்ம்களில் 9 சதவீதம் புளோரிடாவில், வீட்டு இன்சூரன்ஸ் வழக்குகளில் 79 சதவீதமும் புளோரிடாவில் என்று அந்த மாநில அரசே கணக்குச் சொல்லும் அளவுக்குப் போனது. 2022 செப்டம்பர் 28ல் இயன் புயல் ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் அடித்த பிறகு, டிசம்பரில் அந்தச் சட்டத்தையும் கையெழுத்துத் தாளையும் ஒழித்தார்கள். அப்போதும் 2023ல் சிட்டிசன்ஸ் கையில் 14 லட்சம் பாலிசி வந்து நின்றது. அதற்குப் பிறகு தனியாரிடம் தள்ளிவிட்டு எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறார்கள்.

ஆக மகனிடம் கேட்கும் 6,800 டாலரில் காற்றின் விலை இருக்கிறது, ஜூரிச்சின் விலை இருக்கிறது, வக்கீல்கள் தின்றது இருக்கிறது, பல வருடம் உண்மையைச் சொல்லாமல் தள்ளிப்போட்ட வட்டியும் இருக்கிறது.

மகனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நம் ஊருக்கு வருவோம். கடனில் வாங்கினால் இன்சூரன்ஸைத் தவிர்க்க முடியாது. விட்டால் பேங்கே எடுத்து அவன் கணக்கில் எழுதும், அது இன்னும் விலை. முக்கியமாக, அந்த 6,800 டாலரில் வெள்ளம் அடங்காது. அமெரிக்காவில் வீட்டுப் பாலிசியில் காற்று உண்டு, வெள்ளம் கிடையாது. வெள்ளத்துக்கு 1968லிருந்து மத்திய அரசுத் திட்டம் தனியாக இருக்கிறது, கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் பொதுவாக அமலுக்கு வரும். புயல் சின்னம் டி.வி.யில் தெரிந்த பிறகு ஓடினால் பயனில்லை. கடனோடு சேர்த்து முடிக்கும்போதே எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. 2005ல் கத்ரீனா அடித்தபோது மிசிசிப்பி கடலோரத்தில் அடித்தளத்தைத் தவிர வீடே இல்லாமல் போன இடங்களில், வீட்டைக் கொண்டுபோனது காற்றா தண்ணீரா என்று வருடக்கணக்கில் கோர்ட்டில் பட்டிமன்றம் நடந்தது.

டாம்பாக்காரர்கள் "எங்களுக்குப் புயல் வராது" என்பார்கள். 1921க்குப் பிறகு பெரிய புயல் எதுவும் அந்த விரிகுடாவை நேராக அடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் 2024 செப்டம்பரில் ஹெலீன் எங்கோ தூரத்தில் போகும்போதே கடல் நீரை விரிகுடாவுக்குள் தள்ளி வீடுகளை மூழ்கடித்தது. அடுத்து இரண்டே வாரத்தில் மில்டன். விற்பவர் வெள்ளம் பற்றி எழுத்தில் சொல்லியாக வேண்டும் என்று 2024 அக்டோபர் 1 முதல் அங்கே சட்டம் இருக்கிறது. அந்தத் தாளை வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். 2002க்குப் பிறகு கட்டிய வீடாகப் பார்க்கட்டும். கூரை எத்தனை வயது, கூரைச் சட்டத்தைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டை இருக்கிறதா என்று ஆய்வு செய்து சான்றிதழ் கொடுப்பார்கள், அதைக் காட்டினால் பிரீமியத்தில் கணிசமாகக் குறையும். இன்னொன்று, புயலுக்கு மட்டும் தனி டிடக்டிபிள் இருக்கும். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் அவன் கையிலிருந்து. 5 சதவீதம் என்றால் 20,000. பிரீமியம் குறைகிறதே என்று அதில் டிக் போட்டுவிடப் போகிறான்.

சரி, காட்பாடிக்கு வருவோம்.

நம் பக்கம் புயல் காற்றாக வருவதில்லை, தண்ணீராக வருகிறது. சென்னையிலோ புதுச்சேரியிலோ கரை ஏறி, வலுவிழந்து, ஜவ்வாது மலையில் முட்டிக் கொட்டிவிட்டுப் போகும். 2021 நவம்பரில் அப்படித்தான். பாலாற்றில் மணலைத் தவிர எதையும் பார்க்காத பிள்ளைகள் கரையில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். விரிஞ்சிபுரம் தரைப்பாலம் உடைந்தது, குடியாத்தத்தில் கவுண்டன்யா ஆறு ஊருக்குள் வந்தது. டிசம்பரில் திருவலம் பொன்னை ஆற்று ரயில் பாலமே பழுதாகி ரயில்கள் நின்றன. நவம்பர் 19 அதிகாலை பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீட்டுச் சுவர் இடிந்து, குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். 2024 டிசம்பர் 1ல் ஃபெஞ்சல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவில் 7 பேர் மண்ணுக்குள் போனார்கள். அதுவும் பழைய வட ஆற்காடுதான். 1903 நவம்பரில் பாலாறு வாணியம்பாடியை அழித்த கதையை என் தாத்தா, அவர் அப்பாவிடம் கேட்டுச் சொல்லியிருக்கிறார். டாம்பாவுக்கு 1921 எப்படியோ நமக்கு 1903 அப்படி. மூன்று தலைமுறை போதும், ஆறு மனையாகிவிடும்.

2021ல் காட்பாடிப் பக்கம் ஒரு லேஅவுட்டில் சர்வேக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஸ்விட்ச் போர்டு உயரத்துக்குச் சுவரில் மண் கோடு. வீட்டுக்காரர் ஒரு ஃபைலை எடுத்து வந்து மேசையில் வைத்தார்: பட்டா, அப்ரூவல், கிரயப் பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பேங்க் வக்கீலின் ஒப்பினியன். எல்லாம் சுத்தம். "சார், இதில் எங்கே தப்பு சொல்லுங்கள்" என்றார். தப்பே இல்லை. வில்லங்கச் சான்றில் அடமானம் தெரியும், கோர்ட் வழக்கு தெரியும், தண்ணீர் தெரியாது. வெளியே வந்தபோது பக்கத்துத் தெருப் பாட்டி ஒருத்தி சொன்னாள்: "தவள கத்தற சத்தத்துல இந்தப் பக்கம் தூக்கமே வராது. இதுல போயி ஊடு கட்டிக்கினா?" அந்தப் பாட்டியின் ஒப்பினியனுக்கு யாரும் ஃபீஸ் கொடுக்கவில்லை.

அந்த மனிதருக்கு இன்சூரன்ஸ் இருந்தது, கடனோடு பேங்க் எடுத்துக் கொடுத்தது. எந்தப் பேங்க் என்பதை விடுங்கள். பாலிசியில் வீட்டு முகவரிக்குப் பதிலாக அவர் முன்பு வாடகைக்கு இருந்த முகவரி அடித்திருந்தது. தொகை, வீட்டின் மதிப்பு அல்ல, கடன் பாக்கி. கிளெய்மை இழுத்துப் பிடித்து வாங்கிக் கொடுப்பதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. இப்படித் தெரியாமலே வைத்திருப்பவர்களைத் தவிர, நம் ஊரில் தானாகப் போய் வீட்டு இன்சூரன்ஸ் எடுப்பவர் மிகக் குறைவு. நீங்கள் அந்தச் சிறுபான்மை.

உங்கள் 2,300 ரூபாய்க்கு இதுதான் காரணம். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாக் கம்பெனியும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரிப் பாலிசியை விற்க வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) உத்தரவு போட்டது. தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் ஒரே பாலிசியில். இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்காவைவிட நாம் மேல். வெள்ளத்தைப் பிரித்து வைக்கவில்லை. ஆனால் நான் தொழிலில் இருந்தவரை, ஏரி உள்வாயில் (ஏரியில் தண்ணீர் தேங்கும் பகுதியில்) இருக்கும் வீட்டுக்கும் மேட்டுத் தெரு வீட்டுக்கும் வேறு ரேட் போட்டுப் பார்த்ததில்லை. காந்தி நகர் என்றாலும் கன்சால்பேட்டை என்றாலும் ஒரே விலை. வருடா வருடம் நிக்கல்சன் கால்வாய் பொங்கி யார் வீட்டுக்குள் போகும் என்று வேலூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பிரீமியத்துக்குத் தெரியாது. கிளெய்ம் செய்ய ஆளே இல்லாதபோது அதைத் தெரிந்துகொள்ளக் கம்பெனிக்கும் அவசியமில்லை.

அப்படியானால் இங்கே வெள்ளத்தின் செலவை யார் கட்டுகிறார்கள்? கொஞ்சம் அரசு. 2022-26 காலத்துக்கான பேரிடர் நிதி விதிப்படி சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். சென்னையில் மிக்ஜாம் வெள்ளத்துக்குக் குடும்பத்துக்கு 6,000 கொடுத்தார்கள். வாங்குபவருக்கு அது பெரிய உதவி, நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். மீதியை வீட்டுக்காரரே நகையை வைத்துக் கட்டுகிறார். மனையை விற்றுவிட்டுப் போன புரோமோட்டர் மட்டும் ஒரு பைசா கட்டுவதில்லை. குடியாத்தம் நெசவாளிகள் சிலர் வீட்டில் தறிக்குழி நிறையச் சேறு. பாவோடு நூல் போயிற்று. அதற்கெல்லாம் பாலிசி இருந்தால் நான் போயிருப்பேன், ஒரு வீட்டிலும் இல்லை.

வளர்ச்சி அரசியல் இங்கேயும் அதே சாயலில்தான் இருக்கிறது. புளோரிடாவில் வீடு விற்றால் நூறு டாலருக்கு 70 சென்ட் முத்திரைக் கட்டணம். நம் ஊரில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. மனை கைமாறுவதில் அரசுக்கு இருக்கும் ஆசை யாருக்கு அதிகம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள், கணக்கு டீச்சர்தானே. 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது சத்துவாச்சாரியிலிருந்து வாலாஜா வரை பத்திர எழுத்தர்கள் ஈ ஓட்டினார்கள். 2017ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனை என்றால் பணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்றார்கள். நீர்நிலைக்குள் இருப்பதற்குக் கிடையாது என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் நீர்நிலை என்றால் வருவாய்க் கணக்கில் ஏரி, ஓடை என்று பதிந்த இடம் மட்டும்தான். அந்த ஏரிக்குத் தண்ணீர் ஓடி வரும் தாழ்ந்த புஞ்சை, பட்டா நிலம். அதில் பிளாட் போட்டு, சாலையை இரண்டடி உயர்த்தி, ஓடைக்கு ஒரு குழாய் புதைத்தால் சட்டப்படி எல்லாம் சரி. சென்னை தி.நகரே 1920களில் ஒரு பெரிய ஏரியைத் தூர்த்துப் போட்ட லேஅவுட், அதற்குப் பிறகு யாரைக் குற்றம் சொல்வது?

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரம் குடிசையும் ஓட்டு வீடும் வைத்திருந்தவர்கள் ஆக்கிரமிப்பாளர் என்று அகற்றப்பட்டார்கள். சட்டப்படி சரி, அவர்கள் உயிருக்கும் நல்லது. அதே தண்ணீர் புகுந்த அங்கீகரித்த லேஅவுட்டில் மறு மாதமே மீதி மனைகளுக்கு "சில மனைகளே உள்ளன" என்று பேனர் தொங்கியது.

நம் ஊரிலும் அந்த நிலை வருமா என்று கேட்டீர்கள். பாதி வரும் என்று நினைக்கிறேன். கிளெய்ம் கூடக் கூட, மறுகாப்பீடு கொடுப்பவர்கள் தெருத் தெருவாகக் கணக்குக் கேட்பார்கள். செயற்கைக்கோள் படம், மேடு பள்ள வரைபடம் எல்லாம் இப்போது சல்லிசு. பின்கோடு வாரியாக, அப்புறம் சர்வே எண் வாரியாக ரேட் வரும். வந்த அடுத்த தேர்தலிலேயே "ஏழைகளின் வீட்டு இன்சூரன்ஸை உயர்த்தாதே" என்று போஸ்டரும் வரும். அந்தப் போஸ்டரை அடிக்கப் பணம் கொடுப்பது ஏழையாக இருக்காது. ரேட்டை உறைய வைத்தால் புளோரிடா 2007தான். நான் அமைச்சராக இருந்தால் (சிரிக்காதீர்கள்) ரேட்டை அதன் போக்கில் விட்டுவிட்டு, கட்ட முடியாதவருக்குப் பிரீமியத்தில் அரசு நேரடியாக உதவட்டும் என்பேன். லேஅவுட் அப்ரூவலோடு வெள்ள மட்டத்தையும் பத்திரத்தில் எழுதச் சொல்வேன். புரோமோட்டர் சங்கம் மறுநாளே என்னை மாற்றிவிடும்.

அதுவரை உங்கள் வீட்டுப் பாலிசியைத் தொடருங்கள். தொகையை நிலத்தின் விலையில் போடாதீர்கள். இன்று திரும்பக் கட்ட என்ன ஆகுமோ அதுதான். 1,200 சதுர அடியை 2,200 ரூபாய்க்குக் கட்டலாம் என்றால் 26 லட்சத்து 40 ஆயிரம். அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமானுக்குத் தானாகவே கிடைக்கும். நகைக்குத் தனியாகச் சொல்லி எடுக்க வேண்டும். சுவர் ஓதத்துக்குக் கிடைக்காது. தண்ணீர் புகுந்தால் கழுவுவதற்கு முன் போட்டோ எடுங்கள், மண் கோட்டோடு. நனைந்த மெத்தையைச் சர்வேயர் பார்க்கும்வரை தூக்கி எறியாதீர்கள். நாறத்தான் செய்யும், எங்களுக்குப் பழக்கம். கம்பெனி அநியாயம் செய்தால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பு அதிகாரி) இருக்கிறார், 50 லட்சம் வரையான வழக்கைக் கட்டணம் இல்லாமல் கேட்பார்.

புது மனைக்கு உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்து ஏரி எது, கோடி (ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்) எந்தப் பக்கம் போகும், கோடிக்கால்வாய் லேஅவுட்டில் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள். நுழையும் இடத்தில் பத்தடி அகலமும் வெளியேறும் இடத்தில் ஒரு சிமெண்ட் குழாயும் இருந்தால் எனக்குப் பதில் எழுதவே வேண்டாம். பழைய நீர்க்கட்டி (ஏரித் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிட்டவர்) யாராவது உயிரோடு இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துக் கேளுங்கள். புரோமோட்டர் சித்திரை மாதத்தில் காரில் கூட்டிப்போகிறேன் என்பார். போகாதீர்கள். கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை பெய்து விட்ட மறுநாள் காலை, ஸ்டேஷன் எதிரில் ஒரு ஆட்டோ பிடித்துப் போங்கள். ஆட்டோக்காரர் எந்த இடத்தில் நிறுத்தி "இதுக்கு மேல வண்டி போவாதும்மா" என்கிறாரோ, அங்கிருந்து உங்கள் மனை எத்தனை அடி தூரம் என்று எனக்கு எழுதுங்கள்.